கூட்டம் பிதுங்கும் ஐரிஷ் செஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மரபிசை விழாக்களுக்கு முதல் முறை போய் வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பப்புக்குள் கால் வைக்கவே இடமில்லை, உள்ளே முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், என்ன மெட்டு என்றே காதில் விழவில்லை, கொண்டுபோன வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்காமலேயே ஊர் திரும்பினோம் என்கிறார்கள். அந்த ஏமாற்றம் தேவையில்லாதது. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் அதே விழாவில் நல்ல இசை கேட்கலாம், வாசிக்கவும் செய்யலாம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

செஷன் என்பது கச்சேரியா?

இல்லை. மேடை, மைக், நிகழ்ச்சி நிரல் எதுவும் கிடையாது. பப்பின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பொதுவாகத் தெரிந்த நடன மெட்டுகளைச் சேர்ந்து வாசிப்பார்கள். ரீல், ஜிக், ஹார்ன்பைப், போல்கா என்று வகைகள் உண்டு. ஒரு டியூன் ஒரு முறை ஓடி முடிய அரை நிமிடம் போல ஆகும். அதை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த டியூனுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று டியூன்களைக் கோத்தால் ஒரு செட்.

ஃபிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில் (சிறு தகரக் குழல்), கான்சர்டினா (கையில் பிடித்து விரித்து மூடும் சிறு துருத்தி வாத்தியம்), அக்கார்டியன், பாஞ்சோ, இல்லன் பைப்ஸ் (முழங்கையால் காற்றூட்டி வாசிக்கும் ஐரிஷ் பை வாத்தியம்) எல்லாம் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன. ஒவ்வொருவரும் அதற்குப் போடும் சின்னச் சின்ன அலங்காரங்களில்தான் சுவை இருக்கிறது. நான்கு பேர் வாசித்தால் அந்த வேலைப்பாடு தெளிவாகக் கேட்கும். நாற்பது பேர் வாசித்தால் அது முழுக்கக் கரைந்துபோய், மெட்டின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். கூட்டத்தால் வரும் முதல் இழப்பு இதுதான்.

இது பழங்கால வழக்கம்தானே? கூட்டம் மட்டும் எப்படி இப்போது வந்தது?

மெட்டுகளில் பல நூற்றாண்டுகள் பழையவை உண்டு. பப் செஷனுக்கு அவ்வளவு வயது இல்லை. முன்பெல்லாம் இந்த இசை நடனத்துக்கானது. வீட்டுச் சமையலறையிலும் ஊர்க் குறுக்குச் சாலையிலும் ஒருவரோ இருவரோ வாசிக்க, மற்றவர்கள் ஆடுவார்கள். 1935இல் வந்த நடன அரங்குச் சட்டம் பொது நடனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது; அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் பல ஊர்களில் ஒடுக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி லண்டனுக்குப் போன ஐரிஷ்காரர்கள் அங்குள்ள பப்களில் ஒன்றுகூடி வாசித்தார்கள். இன்றைய செஷன் பெரும்பாலும் அங்கே உருவானது.

1951இல் கோல்டஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபிசை அமைப்பு தொடங்கி, அதே ஆண்டு முல்லிங்கார் நகரில் ஃப்ளா கியோல் என்ற இசை விழாவையும் நடத்தியது. ஒருவரையொருவர் அறியாத கிராமத்து வாசிப்பாளர்கள் ஒரே ஊரில், ஒரே பப்பில் சந்தித்தார்கள். ஆகவே கூட்டம் என்பது செஷனுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோய் அல்ல. இந்த வடிவம் பரவியதே விழாக் கூட்டத்தால்தான்.

எந்த விழாவில் நெரிசல் அதிகம்?

ஃப்ளா கியோல்தான் மிகப் பெரியது. ஆகஸ்டில் நடக்கும், ஊர் மாறிக்கொண்டே இருக்கும். 2022, 2023இல் முல்லிங்கார், 2024, 2025இல் வெக்ஸ்ஃபோர்ட். பல லட்சம் பேர் வருவதாக அமைப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இறுதிப் போட்டிகள் வாரக்கடைசியில் வருவதால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தெருவே நகராது. அதற்கு முந்தைய நாட்களில் ஸ்கோல் ஏக்ஷ என்ற வகுப்புகள் நடக்கும். இசைக்காகப் போகிறவர் அந்த நாட்களில் போய், சனிக்கிழமை கிளம்பிவிடலாம் என்பது என் கருத்து.

கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் ஜூலை தொடக்கத்தில் நடப்பது வில்லி கிளான்சி கோடைப் பள்ளி. அந்த ஊர்க்காரரான இல்லன் பைப்ஸ் கலைஞர் வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு கோடையில் அவர் நினைவாகப் பள்ளி தொடங்கியது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு உலகம் முழுவதிலிருந்தும் வாசிப்பாளர்கள் வந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பப்கள் பெரும்பாலும் ஒரே பிரதான தெருவில்தான். இங்கே நெரிசல் ஃப்ளாவைப் போல் தெருவில் இல்லை, அறைக்குள் இருக்கிறது. வருகிறவர்களில் வாசிப்பவர்களின் பங்கு மிக அதிகம் என்பதால் ஒவ்வொரு நாற்காலிக்கும் போட்டி.

ஒரு வட்டம் எத்தனை பேரைத் தாங்கும்?

எட்டு முதல் பத்துப் பேர் என்பேன். அதற்கு மேல் போனால் ரசனை மட்டும் கெடுவதில்லை, ஒலியின் வேகமும் காலை வாரும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் ஃபிடில் உங்கள் காதுக்கு வர 0.03 விநாடி பிடிக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வேகமான ரீலில் ஒரு ஸ்வரத்தின் நீளமே சுமார் 0.13 விநாடி. அதாவது அவர் வாசிப்பது ஒரு ஸ்வரத்தில் ஏறக்குறைய கால்வாசி தாமதமாக உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் வாசிப்பது அவருக்கும் அப்படியே. இருவரும் அடுத்தவருக்காகக் காத்தால் வேகம் இறங்கும். இருவரும் பொறுமையிழந்தால் ஏறும். பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது. நீண்ட அறையில் இரண்டு முனையிலும் ஒரே டியூன் இரண்டு வேகத்தில் ஓடுவதை விழாக்களில் சர்வசாதாரணமாகக் கேட்கலாம்.

அப்படியானால் எந்த நேரத்தில் போவது?

இரவு ஒன்பதிலிருந்து நள்ளிரவு வரை எல்லாரும் போகும் நேரம். அதை விட்டுவிடுங்கள்.

மில்டவுன் மால்பேயில் வகுப்புகள் காலை பத்து மணிபோலத் தொடங்கி மதியம் ஒன்று வரை நடக்கும். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். இரண்டரை மணிவாக்கில் ஒரு பப்புக்குள் நுழைந்து ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வெயில் ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்துகொண்டிருக்கும், இரண்டு வயதானவர்கள் ஒரு ஜிக்கை அவசரமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள், கேட்க ஆறு பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்த வாரத்தின் மிக நல்ல இசை பல சமயம் இந்தப் பிற்பகல் நேரத்தில்தான் கிடைக்கிறது. இரவுச் சாப்பாட்டு வேளையும் நல்லது. அப்போது பெரிய ஹாலில் கலைஞர்களின் நிகழ்ச்சி இருந்தால் பப் காலியாகும். அங்கே ஜூலையில் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகிவிடுவதால் நேரம் போவதும் தெரியாது.

காலி நாற்காலி இருக்கிறது. போய் உட்காரலாமா?

கேட்காமல் உட்காராதீர்கள். அந்த நாற்காலி பாதிநேரம் காலியாக இருக்காது. உரியவர் வெளியே காற்று வாங்கப் போயிருப்பார். அதோடு பல பப்களில் ஓரிரு வாசிப்பாளர்களுக்குக் கடைக்காரர் பணம் கொடுத்து செஷனை நடத்தச் சொல்லியிருப்பார். வட்டத்தின் நடுவில், சுவரோரம் முதுகு சாய்த்து உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

முறை இதுதான். உறையை மூடியபடியே காலடியில் வைத்துக்கொண்டு வட்டத்துக்குப் பின்னால் நில்லுங்கள். இரண்டு மூன்று செட் முழுக்கக் கேளுங்கள். அவர்கள் வாசிப்பதில் பாதியாவது உங்களுக்குத் தெரிகிறதா, வேகம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது அதற்குள் விளங்கிவிடும். உறை அவர்கள் கண்ணில் படும். "பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள், அல்லது ஒருவர் தன் நாற்காலியை அரை அடி நகர்த்துவார். அழைப்பு என்றால் அவ்வளவுதான். அப்படி எதுவும் நடக்காவிட்டால், செட் முடிந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்ல, "ஒருத்தர் சேர்ந்துக்க இடம் இருக்குமா?" என்று கேளுங்கள். "இப்போதைக்கு நெருக்கமா இருக்கு" என்று பதில் வந்தால் அதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

உட்கார்ந்த பிறகு, அவர்களாக "நீங்க ஒண்ணு ஆரம்பிங்க" என்று சொல்லும்வரை நீங்கள் டியூனைத் தொடங்க வேண்டாம்.

டியூன் பாதிதான் தெரியும். தேடித் தேடிக் கூடவே வாசிக்கலாமா?

கூட்டமான வட்டத்தில் கூடாது. மூன்று பேர் இருக்கும்போது ஒருவர் மெதுவாக விரல் தேடினால் யாருக்கும் தொந்தரவில்லை. பதினைந்து பேரில் ஏழு பேர் தேடிக்கொண்டிருந்தால் மெட்டு சேறாகிவிடும். தெரியாத டியூனுக்கு வாத்தியத்தை மடியில் இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். தேர்ந்த வாசிப்பாளர்களே அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் தெரியும். பிடித்துப்போனால் இடைவெளியில் டியூனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "பேர் தெரியாது" என்று வாசித்தவரே சொல்வதும் உண்டு. ஒலியைக் கேட்டு டியூனை அடையாளம் சொல்லும் டியூன்பால் என்ற செயலி உதவும், ஆனால் நெரிசலான அறையில் அதுவும் திணறும்.

என்னிடம் இருப்பது பௌரான். அல்லது கிதார். எனக்கு இடம் உண்டா?

பௌரான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய, கஞ்சிராவைவிடப் பல மடங்கு அகலமான தாள வாத்தியம். ஒரு வட்டத்துக்கு ஒரு பௌரான் என்பது எழுதாத சட்டம். ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் காத்திருந்து மாறி மாறி வாசியுங்கள். பெரும்பாலான பௌரான்காரர்கள் தாங்களாகவே முறை விட்டுக்கொடுப்பார்கள்.

கிதார், அதைப் போன்ற தந்தி வாத்தியமான பூசூக்கி விஷயம் இன்னும் சிக்கல். மெட்டுக்குப் பின்னணியாக எந்த ஸ்வரங்களைச் சேர்த்துப் போடுவது என்பது அந்த நிமிடத்தில் வாசிப்பவரின் முடிவு. இரண்டு கிதார்கள் இருந்தால் இரண்டு முடிவுகள். இருவரும் தனித்தனியே சரியாக இருந்தும், சேர்ந்து கேட்கும்போது காதைக் குத்தும். இரண்டாவது கிதாராக ஒருநாளும் வலியப் போய் உட்காராதீர்கள்.

நெருக்கி உட்காரும்போது யார் எங்கே உட்கார வேண்டும்?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பெரிய வித்தியாசம் தெரியும். புல்லாங்குழல், அதை வாசிப்பவரின் வலப்பக்கம் நீண்டிருக்கும். ஃபிடில்காரரின் வில் கையும் வலப்பக்கம்தான் வீசும். பாஞ்சோ, கிதாரின் கழுத்தோ இடப்பக்கம் நீளும். ஆகவே குழல்காரருக்கு வலப்புறம் பாஞ்சோக்காரர் உட்கார்ந்தால் குழல் முனையும் பாஞ்சோவின் கழுத்தும் இடித்துக்கொண்டே இருக்கும். அவர்களை இடம் மாற்றி உட்கார வைத்தால் இருவருக்கும் கை ஆட இடம் கிடைத்துவிடும். இல்லன் பைப்ஸ்காரர் ஒரு முழங்கையால் துருத்தியையும் மற்றதால் காற்றுப் பையையும் இயக்குகிறார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். அவர் வாசிக்கும்போது நெருக்காதீர்கள். கை வைத்த நாற்காலிகளை எடுத்துவிட்டு முக்காலி போட்டால் அதே இடத்தில் கூடுதலாக இரண்டு பேர் உட்காரலாம். மேசை நடுவில் நிற்கும் பானக் கோப்பைகளை ஜன்னல் திட்டுக்கு மாற்றிவிடுங்கள். வில் முனை பட்டு ஒரு கோப்பை கவிழ்ந்து கான்சர்டினா துருத்தி நனைந்தால் அந்த இரவு அதோடு முடிந்தது.

நாங்கள் செஷனை நடத்துகிறோம். ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. என்ன செய்வது?

முகம் சுளிக்காமல் கட்டுப்படுத்த வழிகள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த ரீல்களை விட்டு, அதிகம் புழங்காத டியூன்களுக்குப் போனால் வாசிப்பவர்கள் எண்ணிக்கை தானாகக் குறையும், கேட்பவர்கள் கூடுவார்கள். ஒருவரைத் தனியாக ஒரு மெதுவான மெட்டு வாசிக்கச் சொல்லலாம், ஒரு பாட்டுக் கேட்கலாம். டியூன் மாறும்போது "ஹப்!" என்று ஒரு குரல் கொடுப்பதும், தலையைத் தூக்கிக் கண்காட்டுவதும் பெரிய வட்டத்தை ஒன்றாக வைத்திருக்கும். வேகம் ஓடினால் காலால் ஓங்கித் தட்டாதீர்கள், அது ஓட்டத்தை இன்னும் கூட்டும். ஜிக்குக்கு மாறிவிடுங்கள்.

சிலர் சுருதியை அரைப் படி ஏற்றி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். ஃபிடிலின் நாதம் அந்தச் சுருதியில் துலங்கும் என்பது அதற்கு நியாயமான காரணம். வழக்கமான சுருதியில் உள்ள குழல், கான்சர்டினாக்காரர்கள் அதில் சேர முடியாமல் போவது பக்க விளைவு. ஆள் வராமல் தடுப்பதற்காகவே அப்படிச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. தூரத்திலிருந்து டின் விசிலோடு வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதவும் சேர்ந்து மூடுகிறது.

நாங்களே புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. கூட்டத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. முதலில் கவுண்டரில் இருப்பவரிடம் கேளுங்கள். விழா வாரத்தில் வேண்டாம் என்று சொல்கிறவர் குறைவு. ஆனால் இரவுக்கு வேறு யாருக்காவது அந்த மூலையை ஒதுக்கி வைத்திருக்கலாம். அதே அறையில் இன்னொரு செஷன் நடந்தால் அங்கே தொடங்காதீர்கள்; இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். பின்கட்டு, முற்றம், தங்கியிருக்கும் வீட்டின் சமையலறை, கூடார மைதானம் எல்லாம் சரிதான். மில்டவுன் மால்பேயிலிருந்து சில கிலோமீட்டரில் ஸ்பானிஷ் பாயின்ட், குவில்ட்டி, முல்லா போன்ற ஊர்களிலும் பப்கள் உண்டு. நடுத்தெருவில் மூச்சுமுட்டும் இரவுகளில் உள்ளூர்க்காரர்களே அந்தப் பக்கம் நழுவிவிடுவார்கள்.

சத்தம் காதுக்குக் கெடுதியா?

நெரிசலான அறையில் ஆம். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பரவலான அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் ஒலியின் தன்மையைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். ஒரு வாரம் முழுக்க இருக்கப்போகிறவர் அதை வாங்கிவிட வேண்டும்.

உள்ளே போனதும் சுருதி விலகிவிடுகிறதே?

அறைச் சூட்டில் மரக் குழலின் சுருதி ஏறும், ஃபிடில் தந்தி தளர்ந்து இறங்கும், இல்லன் பைப்ஸின் நாணல் நாக்குகள் ஈரப்பதத்துக்கு ஏற்ப அடம்பிடிக்கும். அக்கார்டியன், கான்சர்டினாவின் உலோக நாக்குகள் அசையாது, உட்கார்ந்த இடத்தில் அவற்றைத் திருகவும் முடியாது. அதனால் வட்டத்தில் அவற்றில் ஒன்று இருந்தால் மற்றவர்கள் அதன் சுருதிக்கு வரவேண்டும். வந்ததும் வாத்தியத்தைப் பத்து நிமிடம் சூட்டில் பழகவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்க மட்டும் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். வட்டத்தை ஒட்டி நின்றுகொண்டு உரக்கப் பேசாமல் இருந்தால் போதும்; பேச்சுக்குக் கவுண்டர் பக்கம் இருக்கிறது. வாசிப்பவர் முதுகில் சாய்வது, தலைக்கு மேல் கோப்பையை நீட்டுவது வேண்டாம். வீடியோ எடுக்குமுன் கேளுங்கள். முகத்துக்கு நேரே ஐந்து போன்கள் நீண்டால் அடுத்த செட்டே வராது. மது குடித்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஆனால் ஏதாவது வாங்குங்கள். அந்தக் கடைக்காரரின் வியாபாரத்தில்தான் இந்த மூலை உயிரோடிருக்கிறது.

யாராவது துணைவாத்தியம் இல்லாமல் பாட ஆரம்பித்தால் அறை முழுக்க அடங்கும். "ஷ்ஷ்" என்ற சத்தம் கவுண்டர்வரை போகும். அப்போது நடக்கவும் வேண்டாம், நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுடன் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பப்பில் இருக்கக்கூடாது என்பது அயர்லாந்துச் சட்டம். மே முதல் செப்டம்பர் வரை அது 10 மணி. 2004 மார்ச்சிலிருந்து பப்புக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்தக் கவலையும் இல்லை. ஃப்ளாவில் பிள்ளைகள் தெருவோரத்திலேயே வாசித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்தால் அங்கே சேர்வது பப்பைவிடச் சுலபம்.

பல நாளாகியும் ஒரு வட்டத்திலும் நுழைய முடியவில்லை. நான் லாயக்கில்லையோ?

கூச்சம் ஏற ஏற எல்லாருக்கும் வரும் எண்ணம் இது. உங்கள் வாசிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இருபது ஆண்டுகளாக அதே வாரத்தில், அதே மேசையில் சந்திப்பவர்கள். நீங்கள் செய்யக்கூடிய மிகப் பலனுள்ள காரியம், காலை வகுப்பில் சேர்வது. ஒரே அறையில் ஒரு வாரம் ஒரே டியூன்களைக் கற்ற பத்துப் பன்னிரண்டு பேர் உங்களுக்குக் கிடைப்பார்கள். அவர்களும் மதியம் எங்கே வாசிப்பது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். "சாயங்காலம் நாலு மணிக்குப் பின்கட்டுல உட்காரலாமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கென்று ஒரு மேசை இருக்கும்.

இவ்வளவு நெரிசல் இல்லாத விழா எது?

லீட்ரிம் மாவட்டத்தின் டிரம்ஷான்போவில் நடக்கும் ஜோ மூனி கோடைப் பள்ளி, ஸ்லைகோவின் டபர்கரியில் நடக்கும் சவுத் ஸ்லைகோ கோடைப் பள்ளி இரண்டும் ஜூலையில் வருகின்றன. வகுப்பு, செஷன் எல்லாம் மில்டவுன் மால்பே போலத்தான், மூச்சு விட இடம் கூடுதல். கிழக்குக் கிளேரில் ஃபீக்கிள் விழா ஆகஸ்டில். அவசரமில்லாத, கொஞ்சம் ஏக்கம் தொனிக்கும் வாசிப்புக்கு அந்தப் பகுதி பெயர்பெற்றது. ஃபிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸ் அங்கே வளர்ந்தவர். குளிருக்கு அஞ்சாதவர்கள் பிப்ரவரிக் கடைசியில் கிளேரின் டூலின் ஊருக்குப் போகலாம். விசில் கலைஞர் மிக்கோ ரஸ்ஸல் நினைவாக ஒரு வாரக்கடைசி நடக்கும். சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் வராத மாதம் என்பதால், கோடையில் நெருங்கவே முடியாத அதே பப்களில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஃபிடில் மட்டும் போதும் என்றால் டானகலின் கிளென்டீஸ் ஊரில் அக்டோபரில் ஃபிடில்காரர்கள் கூடுகிறார்கள். எங்கே போனாலும் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள், ஊருக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்தில். இரவில் பேருந்து கிடைக்காது.